மாப்பிள்ளைத் தேரை

எனக்குத் தேரைகளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருஷம் தேரை வளர்த்தவள் என்று தெரிந்ததும், வாயில்லா ஜீவன்கள்மேல் உயிரையே வைத்திருந்த புண்ணியவதி என்று என்னை நினைத்துக்கொள்கிறார்கள். புண்ணியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது ஒரு வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அப்படிச் சொல்லிக் கொடுத்த இடத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை வீணாகப் போயிற்று. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அது மலாயாவில் அவசரகாலம், கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்திருந்து வெள்ளைக்கார ஆட்சியோடு சண்டை போட்ட சமயம். நெகிரி செம்பிலானில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளையெல்லாம் ஒரே இடத்தில் ஒதுக்கி, சுற்றிலும் இரட்டை முள்வேலி போட்டிருந்தார்கள். காலையில் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகும்போது கேட்டில் பெண்களையும் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். மடியில் ஒரு கவளம் சோறு இருந்தாலும் தொலைந்தோம். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குக் கொண்டுபோகிறாய் என்பார்கள். என் புருஷன் கூலிகளை வேலை வாங்கும் மண்டோராக இருந்தார். ஒரு நாள் காலை மர நிரைகளைப் பார்க்கப் போன இடத்தில் காட்டுக்காரர்கள் அவரைச் சுட்டுப் போட்டுவிட்டார்கள். நான் இரண்டு நிரை தள்ளி மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். பால் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேனாம், எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு என்னால் வெட்டுக்கத்தியைக் கையில் எடுக்க முடியவில்லை. சுற்றுப்பட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக இருந்த ஆஸ்பத்திரிக்குத் துரை என்னை ஆயாவாக அனுப்பிவிட்டார்.

அதே வாரத்தில் மேட்டு லயத்திலிருந்து ஒரு ஆள் காணாமல் போனான். காட்டுக்குள் போய்விட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் பெண்டாட்டி மட்டும் லயத்தில் இருந்தாள். பிள்ளை இல்லை. என் புருஷனைச் சுட்ட கூட்டத்தில் அவனும் இருந்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். பார்த்தவர் யாரும் இல்லை. எனக்குப் பார்த்தவர் தேவைப்படவும் இல்லை. கோயிலில் அவள் ஒரு பக்கம் நின்றால் நான் மறு பக்கம் போய் நிற்பேன். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் என் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அவளும் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் நாசமாகப் போகவேண்டும் என்று மாரியம்மனிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன்.

இனித் தேரைக்கு வருகிறேன். ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாளா என்று சீக்கிரமே தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் தேரைதான் வழி. விடிந்ததும் அவள் போகும் மூத்திரத்தைச் சுத்தம் செய்து, ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார்கள். மூன்று மணி நேரம் கழித்துத் தேரையின் மூத்திரத்தில் ஒரு சொட்டை எடுத்துப் பூதக்கண்ணாடிப் பெட்டியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதில் விந்து நெளிந்தால் அவள் முழுகாமல் இருக்கிறாள். நெளியாவிட்டால் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் முக்கியம். அந்த ஆண் தேரை பெண் தேரையின் வாடையே படாமல் தனியாக இருந்திருக்க வேண்டும். பெண்ணோடு ஒரு நாள் இருந்துவிட்டாலும் போதும், ஊசியே போடாமல் அதன் மூத்திரத்தில் எல்லாம் நெளியும்.

முன்பெல்லாம் லிங்கிப் பக்கத்து ஆற்றோரத்திலிருந்து மலாய்க்காரர்கள் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து தருவார்களாம். ஊரடங்கு வந்த பிறகு அது நின்றுபோயிற்று. தேரை வெளியே வருவதே பொழுது சாய்ந்துதான். பொழுது சாய்ந்தபின் வேலிக்கு வெளியே நடமாடினால் சுடுவார்கள். தோட்டத்துக்குள் இருந்தவையும் மலேரியாவுக்காகக் கால்வாயில் தெளித்த எண்ணெயில் செத்துக்கொண்டிருந்தன. வாரம் ஒரு முறை வரும் வெள்ளைக்கார டாக்டர் அதனால் ஒரு ஏற்பாடு செய்தார். இருக்கிற தேரைகளைச் சாகவிடக் கூடாது, ஊசி போட்டதை ஓய்வு கொடுத்து மறுபடி பயன்படுத்த வேண்டும், பெண் தேரைகளைத் தனித் தொட்டியில் வைத்து முட்டையிட வைத்துக் குஞ்சுகளையும் வளர்க்க வேண்டும். இதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் யாரும் முன்வராததால் அது என் தலையில் விழுந்தது.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் டிரசர். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, டாக்டர் இல்லாத நாளில் டாக்டராக நடந்துகொள்வது எல்லாம் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துச் சனங்களைக் கண்டால் அவருக்கு மூக்கு சுளித்துக்கொள்ளும். நான் முதலில் கொண்டுவந்த தேரைகளை, ரப்பர் பாலை அசிட் விட்டு உறையவைக்கும் பழைய அலுமினியத் தட்டில் வைத்தேன். அகலமாக, ஆழமில்லாமல், அதற்கென்றே செய்தது மாதிரி இருந்தது. எத்தனை முறை கழுவினாலும் அதில் ஊறிய அசிட் போகாது என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டே நாளில் எல்லாம் மல்லாந்துவிட்டன.

"தோல்தான் அதுகளுக்கு வாய்," என்று கத்தினார். "தோலாலைதான் தண்ணி குடிக்குதுகள். நீ வைச்ச அசிட்டையும் குடிச்சுச் செத்துப் போச்சுதுகள். உங்களுக்கெல்லாம் மரத்தைச் சுரண்டத்தான் தெரியும். விளங்குதோ?"

விளங்கியது. அன்று வந்த ஆத்திரத்தில்தான் நான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். சரிவாகச் சிமெந்துத் தொட்டி கட்டச் சொல்லி, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் ஈரமண், ஒளிந்துகொள்ளத் தேங்காய்ச் சிரட்டை, மேலே கம்பிவலை என்று எல்லாம் செய்தேன். தேரை அசையாத எதையும் தின்னாது. செத்த கரப்பானைப் போட்டால் அதைக் கல் என்று நினைத்து உட்கார்ந்திருக்கும். காலையில் கரையான் புற்றை உடைத்துக் கொண்டுவந்து கொட்டுவேன். கையில் சவுக்காரம், எண்ணெய், புகையிலை எதுவும் பட்டிருக்கக் கூடாது. நனைந்த கையால்தான் தூக்க வேண்டும். அக்குளில் பிடித்துத் தூக்கினால் ஆண் மட்டும் விட்டு விட்டுக் கத்தும், பெண் கத்தாது. ஒரு வருஷத்தில் டிரசருக்கே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது. அவர் அதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் டாக்டர் இன்னொரு உத்தரவு போட்டார். மற்றத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளிலும் தேரை வளர்க்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஒருவரை அனுப்புங்கள், இங்கே ஒரு மாதம் படிக்கட்டும் என்று. மூன்று பேர் வந்தார்கள். பாரோய்ப் பக்கத்திலிருந்து வந்தவர் முதல் நாளே போய்விட்டார். தேரை அவர் கையில் மூத்திரம் பெய்துவிட்டது.

"ஐயே, இது பட்டா மரு வரும்லா! எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க!" என்று கையை உதறிக்கொண்டே லாரி ஏறிவிட்டார்.

மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மலேரியா எண்ணெய் தெளித்துக்கொண்டிருந்தவர். நேற்றுவரை தேரைகளைக் கொன்ற ஆளைத்தான் தேரை வளர்க்க அனுப்பியிருந்தார்கள். எத்தனை தேய்த்தாலும் அவர் நகக்கண்ணில் எண்ணெய் இருக்கும். தினமும் அவர் கையை முகர்ந்து பார்த்துத்தான் தொட்டிப் பக்கம் விடுவேன். என்னைப் பார்த்தாலே அவர் முகம் கறுத்துவிடும். இன்னொருத்தி லிங்கியிலிருந்து வந்தவள். சேலத்துப் பக்கத்துக் குடும்பம், பெரிய பக்திக்காரி, சளசளவென்று பேச்சு. தேரைக்குக் கரையான் போடும்போதுகூட "சாப்பிடுறா ராசா" என்பாள். எனக்கு இருவரையும் பிடிக்கவில்லை. அவர்களுக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கவில்லை. லிங்கிக்காரி எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்:

"மண்டோர் பொண்டாட்டின்னா மண்டோர் புத்தி வராமப் போவுமா? செத்தவரு விரட்டுனது போதாதுன்னு இந்தம்மா வேற."

அதற்குப் பிறகு அவளை நான் இரண்டு மடங்கு விரட்டினேன். ஆண் தொட்டி எது, பெண் தொட்டி எது, ஓய்வுத் தொட்டி எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி ஆக்கினேன். ஆனால் ஆணையும் பெண்ணையும் ஏன் சேர்க்கக் கூடாது என்று அவளுக்கு நான் சொல்லவே இல்லை. கேட்டாள். "சேத்தா தோலை உரிச்சிடுவேன், அதான் காரணம்" என்றேன். டிரசர் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். பிறகு நானாகப் பார்த்துப் பார்த்துத்தான் காரணத்தைத் தெரிந்துகொண்டேன். நான் பட்ட பாட்டை அவளும் படட்டுமே என்று இருந்தேன்.

அது இலை உதிரும் காலம். ரப்பர் மரங்கள் மொட்டையாக நின்றன. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வேலிக்குள் இருந்த கிணறு சேறாகிவிட்டது. ஒரே குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. வேலிக்கு வெளியே ஓடை இருந்தது, போக விடமாட்டார்கள். தண்ணீருக்காகப் பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். தேரைகளுக்கே நான் அளந்துதான் தண்ணீர் மாற்றினேன்.

"எங்க ஊர்ல இப்படி வறண்டா தேரைக்குக் கல்யாணம் பண்ணி வைப்பாங்க. மூணு நாள்ல மழை கொட்டும்," என்றாள் லிங்கிக்காரி.

"ஊருக்குப் போய் வை," என்றேன் நான்.

மாதத்தில் ஒரு நாள் எனக்கு லீவு உண்டு. தெமியாங்கில் இருந்த என் தங்கையைப் பார்க்கப் போனேன். நான் போன அன்று பகலில் ஆஸ்பத்திரிப் பின்கட்டில் கல்யாணம் நடந்திருக்கிறது. இருந்ததிலேயே பெரிய ஆண் தேரையையும் ஒரு பெண் தேரையையும் முறத்தில் வைத்து, வேப்பிலை போட்டு, மஞ்சள் நூல் கட்டி, வார்டில் நடமாட முடிந்த பெண்களெல்லாம் சேர்ந்து குலவை போட்டிருக்கிறார்கள். எண்ணெய்க்காரர் சீட்டி அடித்தாராம். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

நான் திரும்பி வந்த அன்று மேட்டு லயத்துக்காரியை நிரையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். மரத்தடியில் வாந்தி எடுத்து மயங்கிவிட்டாளாம். வார்டில் படுக்க வைத்ததும் கேள்வி கேட்க வேண்டியது ஆயாவின் வேலை. எலும்பும் தோலுமாக இருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் மறுபடி மூடிக்கொண்டாள்.

"தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?" என்றேன்.

"ரெண்டு மாசம் இருக்கும்."

பட்டினி கிடந்தாலும் பெண்களுக்கு நின்றுபோகும். அந்த ரேஷன் காலத்தில் பத்துப் பெண்களிடமாவது நானே அதைக் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசலில் டிரசர் இருந்தார். அவரோடு கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணியும் நின்றார். இருவருக்கும் கேட்கும்படி, "ரெண்டு மாசமா குளிக்கலையாம். வாந்தி வேற எடுக்குறா," என்று உரக்கச் சொன்னேன்.

புருஷன் காட்டில் இருக்கிறான், பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் குழந்தைக்கும் தெரியும். அவன் வந்து போகிறான். இவள் சோறு கொடுக்கிறாள். அதற்கு விசாரணை, கோர்ட்டு எதுவும் கிடையாது, நேராகத் தடுப்புமுகாம்தான். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்துவிட்டார். பிரம்பால் பூட்ஸைத் தட்டிக்கொண்டே, "தேரையில் பார்த்துச் சொல்லும்" என்றார் டிரசரிடம்.

டிரசருக்குப் பெருமை பிடிபடவில்லை. பரீட்சையையும் அன்றைக்கே வைத்துவிடலாம் என்று பயிற்சிக்காரர்களைக் கூப்பிட்டார். "ஒரு ஆண் தேரையைப் பார்த்து எடுத்துக்கொண்டு வா பாப்பம்," என்று லிங்கிக்காரியிடம் சொன்னார். மற்ற ஆண்களில் பாதி ஓய்வில் இருந்தன. அவள் போய்க் கையை நனைத்து, கொழுத்த ஒன்றைக் கொண்டுவந்தாள். அக்குளில் பிடித்ததும் அது கத்தியது. ஆண்தான். சரியாகப் பிடித்திருந்தாள், எனக்கே ஒரு நிமிஷம் திருப்தியாக இருந்தது.

ஊசிக்கு முன்னால் தேரையின் மூத்திரத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். தேரை சுத்தமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி. டிரசரே வைத்த சட்டம் அது, ஒருநாளும் தவறமாட்டார். அன்று இன்ஸ்பெக்டரின் பிரம்பு தட்டிய சத்தத்தில் நேராக ஊசியைக் குத்திவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். 'ஐயா, முதல் சொட்டு' என்று நாக்கு நுனிவரை வந்தது. எனக்கு என்ன, அவள்தானே என்று விழுங்கிவிட்டேன்.

பத்தரை மணிக்குக் கண்ணாடியில் பார்த்தார். இன்ஸ்பெக்டரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார், முதல் தடவையாக. பார்த்தேன். வாலை ஆட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக நெளிந்தன.

"இந்த ஆஸ்பத்திரித் தேரை ஒருநாளும் பொய் சொன்னதில்லை," என்றார் டிரசர்.

அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பினார்கள். விஷயத்தை நான்தான் சொன்னேன். "நீ முழுகாம இருக்கியாம்" என்றேன். அழுவாள், இல்லை என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். அவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு மாத்தா போலீஸ்காரர்களுக்கு நடுவில் நடந்துபோய் ஜீப்பில் ஏறிவிட்டாள். நான் அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

மூன்று மணி சுமாருக்கு மழை கொட்டியது. லயத்துப் பெண்கள் குடம், சட்டி, பால் வாளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெளியே வைத்துவிட்டு நனைந்துகொண்டே ஆடினார்கள். லிங்கிக்காரியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். இவளை எதற்குத் தூக்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை, இரண்டு நாளாகப் பயிற்சிக்காரர்களிடம் விட்டிருந்த தொட்டிகளை நானே பார்க்கப் போனபோது புரிந்தது. ஆண் தொட்டியின் ஓரத்தில் மூங்கில் கூடை ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு பெண் தேரை. இடுப்பில் மஞ்சள் நூல். பக்கத்தில் இன்னொரு மஞ்சள் நூல் அறுந்து கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் லிங்கிக்காரி ஓடிவந்தாள்.

"என்னாடி இது?"

"கல்யாணம் பண்ணி வச்சோம்க்கா. அதான் மழை வந்துச்சு."

"பண்ணி வச்சிட்டு அது அது தொட்டியில விடவேண்டியதுதானே?"

"அது எப்படிக்கா? புதுசாக் கட்டுனவங்களை மூணு நாளைக்குப் பிரிக்கக் கூடாது. பிரிச்சா பலிக்காது. அதான் ஒரே கூடைக்குள்ள வச்சேன்."

"மாப்பிள்ளை எங்க?"

"நேத்து ஐயா கேட்டாருல்ல. அதைத்தான் கொடுத்தேன். கல்யாணம் ஆன தேரை, ராசியானதுன்னு."

ஓய்வுத் தொட்டிக்குப் போய் அந்தத் தேரையைப் பார்த்தேன். தின்றுவிட்டு ஒரு சிரட்டைக்குள் சுகமாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடியில் நேற்று நான் பார்த்ததற்கும் மேட்டு லயத்துக்காரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது அந்தத் தேரையின் சொந்தச் சங்கதி.

சேர்ந்திருந்த ஆண் தேரை என்ன செய்யும் என்று அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். ஒரு மாதமாகச் சொல்லாததை அரை நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, அப்போ அந்தம்மா? வாக்கா, ஐயாகிட்ட போய்ச் சொல்லிடலாம். நானே சொல்றேன். என்னை வெரட்டுனா வெரட்டட்டும்."

நல்லவள் அவள். எனக்குப் பிடிக்காத அந்தச் சளசளக்காரிக்கு இருந்த நெஞ்சு எனக்கு இல்லை. நான் அவள் கையைப் பிடித்து முறுக்கினேன்.

"வாயைத் தொறந்தீன்னா உன்னையும் அந்த ஜீப்புலதான் ஏத்துவாங்க. காட்டுக்காரன் பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசுறவளை வேற என்னான்னு நினைப்பாங்க?"

அவள் பயந்துபோனாள். நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அப்படியும் நடந்திருக்கும். ஆனால் நான் அவளைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. தொட்டி என் பொறுப்பு. விஷயம் வெளியே வந்தால் என்னை மறுபடி நிரைக்கு அனுப்புவார்கள், என் புருஷன் விழுந்து கிடந்த இடத்து மரத்தை நான் தினமும் வெட்ட வேண்டியிருக்கும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம், என் புருஷன் செத்ததற்கு யாராவது அனுபவிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. இரண்டில் எது பெரியது என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பெண் தேரையின் இடுப்பு நூலை அறுத்து அதன் தொட்டியில் விட்டேன். இரண்டு நூலையும் அடுப்பில் போட்டேன். மாதக் கடைசியில் பயிற்சி முடிந்து இருவருக்கும் டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் கொடுத்தார்கள். லிங்கிக்காரி போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டடத்திலேயே தனி அறை கொடுத்தார்கள். "இனி நீதான் தேரைக்கு மண்டோர்" என்று டிரசர் சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அது ஒரு முறைதான்.

முகாமில் அவளுக்கு வயிறு பெருக்கவில்லை. செய்தி தோட்டத்துக்கு வந்தபோது, தேரை தப்பு செய்திருக்குமோ என்று ஒருவராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. "கலைச்சிட்டா" என்றார்கள். குழாயடியில், கோயிலில், பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் எல்லா இடத்திலும் அதே பேச்சு. ஏதோ காட்டு வேரைத் தின்றாள் என்று ஒருத்தி நேரில் பார்த்தவள் மாதிரிச் சொன்னாள். நான் என் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அடுத்தடுத்து ஆட்கள் பயிற்சிக்கு வந்தார்கள். முதல் நாளே, மற்ற எதையும் சொல்வதற்கு முன்னால், ஆணையும் பெண்ணையும் ஏன் சேர்க்கக் கூடாது என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன். அது யாருக்கு என்ன பிரயோசனம்?

அவள் புருஷன் காட்டில் செத்துக் கிடந்ததாகத் தகவல் வந்த பிறகுதான் அவளை விட்டார்கள். அதற்குள் மூன்று வருஷம் ஓடிவிட்டது. எங்கள் தோட்டத்தில் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. ஊரடங்கு அங்கங்கே தளர்ந்துகொண்டிருந்த சமயம் ஒரு மத்தியானம், காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவள், மருந்துச் சீசாவை முந்தானையில் முடிந்துகொண்டு நேராகத் தேரைக் கொட்டகைக்கு வந்து நின்றாள். நான் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். முடி பாதி நரைத்திருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள்.

"இதுதானாக்கா அந்தத் தேரை?" என்றாள்.

"அதெல்லாம் செத்துடுச்சு. இது வேற."

வலைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் சாதாரணமாகப் பேசினாள்.

"அவரு ஒரே ஒரு தரம் வந்தாருக்கா. பனி விலகுற நேரம், நிரைக் கடைசியில வந்து நின்னாரு. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அடிச்சுக் கேட்டப்பக்கூட சொல்லல. தேரை காட்டிக் கொடுத்துடுச்சு." கோபமே இல்லாமல் சொன்னாள். "முகாமுக்குப் போயி அஞ்சாறு நாள்ல உதிரமாப் போயிடுச்சு. ஜீப்புல குலுங்கி வந்ததுல கலைஞ்சிருக்கும். நான் கலைச்சேன்னு சொல்றாங்க. நான் ஏங்கா கலைக்கப்போறேன்? பத்து வருசமா ஏங்குனவ."

நான் துடைப்பத்தைக் கீழே வைத்தேன்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். அது ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையான்னு தேரைக்குத் தெரியுமா? கண்ணாடியில நீங்களும் பாத்தீங்களாமே. ஒரு பேரு வச்சிக் கும்பிடலாம்னு பாக்குறேன். எதுன்னு தெரியாம எப்படிப் பேரு வைக்கிறது?"

அப்போது நான் 'ஆம்பளப் புள்ளை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை. மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கக்கிவிட வேண்டும் என்று மட்டுமே இருந்தது. ஒன்று விடாமல் சொன்னேன். முறம், மஞ்சள் நூல், கூடை, முதல் சொட்டு, லிங்கிக்காரியின் கையை நான் முறுக்கியது எல்லாம். பட்டினியில் நின்றிருந்தது முகாம் சோற்றைத் தின்றதும் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். "குழந்தையே இல்லம்மா. உனக்கு எதுவும் கலையல. நான் அப்பவே சொல்லியிருக்கணும்" என்று சொல்லி அவள் காலைத் தொடக் குனிந்தேன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு என்னைப் பிடிக்காதுன்னு தெரியும்," என்றாள். அதுவரை அக்கா, நீங்கள் என்றவள். "உன் புருஷன் போனதுலேருந்து நீ என்னைப் பாக்குற பார்வை எனக்குத் தெரியாதா? எனக்கு எதுவும் மிஞ்சக் கூடாது உனக்கு. அவரு போயிட்டாரு. வீடு போச்சு. இது ஒண்ணு இருக்குன்னு சொன்னேன், இதையும் புடுங்க வந்துட்ட."

"சத்தியமாச் சொல்றேன்..."

"இருந்துச்சு," என்றாள். கை வயிற்றில் இருந்தது. "இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

சீசா முடிந்திருந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெயிலில் இறங்கி, கேட்டுப் பக்கம் நடந்து போனாள்.